மிச்ச நேரத்தில் ஒரு புத்தக வலைப்பூ

பாதியில் நின்றுபோன புத்தக வலைப்பூக்களைத் திறந்து பாருங்கள். பலவற்றின் கடைசிப் பதிவு ஒரே மாதிரிதான் தொடங்கும்: "நீண்ட இடைவெளிக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும். இனி தவறாமல் எழுதுவேன்." அதற்குப் பிறகு எதுவும் இருக்காது.

என் முதல் வலைப்பூவும் அப்படித்தான் முடிந்தது. "திங்கள்தோறும் ஒரு நூல் விமர்சனம்" என்று முகப்பிலேயே பெரிதாகப் போட்டுவிட்டு ஆரம்பித்தேன். பதினோரு பதிவு வந்தது. பன்னிரண்டாவது வாரம் மகளுக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரம், கையில் பாதி படித்த தடித்த நாவல். திங்கள் வந்தது, போனது. அடுத்த திங்களுக்குள் இரண்டு பதிவு பாக்கி. மூன்றாவது வாரம் அந்தத் தளத்தைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

இதைச் சோம்பல் என்று சொல்லிக் கொஞ்ச நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, நான் திட்டம் போட்டது எல்லாமே ஒழுங்காக நடந்த ஒரு வாரத்தை மனதில் வைத்து. அப்படிப்பட்ட வாரம் வருடத்துக்கு எத்தனை வரும்? இரண்டாவது வலைப்பூவை என் மிக மோசமான வாரத்தை அளவெடுத்துத் தைத்தேன். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அளவெடுப்பையும் தையலையும்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு

தளத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் ஒரு வாரம் வெறுமனே குறித்துக்கொண்டு வாருங்கள். எப்போது படித்தீர்கள், எத்தனை நிமிடம், அவ்வளவுதான். "படித்திருக்கலாம்" என்று தோன்றிய நேரமெல்லாம் கணக்கில் சேராது. கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரமும் சேராது.

கூடவே உங்கள் வேகத்தையும் அளந்துவிடுங்கள். இப்போது கையில் இருக்கும் புத்தகத்தில் பத்துப் பக்கம், பக்கத்தில் கடிகாரம். எனக்கு ஒரு சாதாரண நாவலில் பத்துப் பக்கத்துக்கு 20 நிமிடம் ஆகிறது. அப்படியானால் 300 பக்க நாவலுக்கு 600 நிமிடம், அதாவது பத்து மணி நேரம். நாளைக்கு அரை மணி படித்தால் இருபது நாள். ஒரு பதிவை எழுதித் திருத்த எனக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். அதையும் அதே அரை மணிகளிலிருந்துதான் எடுக்க வேண்டும், அது இன்னும் ஆறு நாள். ஆக 26 நாளைக்கு ஒரு புத்தகம், ஒரு பதிவு. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், வாரம் ஒன்று என்று நான் அறிவித்தது எவ்வளவு பெரிய கூத்து என்று உறைத்தது.

வேகமாகப் படிக்கப் பழகினால் போயிற்று என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி இறங்காதீர்கள். மார்க் பிரைஸ்பார்ட் என்ற ஆய்வாளர் 2019இல் 190 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் அபுனைவு நூல்களை மௌனமாகப் படிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல் என்று வந்தது. நிமிடத்துக்கு ஆயிரம் சொல் என்று ஆசை காட்டும் பயிற்சிகளுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். நம் வேலை புத்தகத்தை முடிப்பதோடு தீர்வதில்லை, அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவும் வேண்டும். ஓட்டத்தில் படித்தால் சொல்ல எதுவும் மிஞ்சாது.

உங்கள் கணக்கில் என்ன வருகிறதோ, அதிலும் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு முடியும் என்று வந்தால், ஒன்று. அந்த ஒன்றையும் யாரிடமும் அறிவிக்க வேண்டாம். எந்தக் கிழமையில் பதிவு வரும் என்று வாசகர் யாரும் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. சொன்ன சொல் தவறியதாக நாமே நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குத்தான் அந்த அறிவிப்பு உதவும்.

திறப்பு விழாவுக்கு முன்

தளம் எங்கே தொடங்குவது என்பதில் ஒரு மாலைக்கு மேல் செலவிடாதீர்கள். பிளாக்கர், வேர்ட்பிரஸ் இரண்டிலுமே இலவசமாகத் தொடங்கலாம், எதுவும் போதும். எழுத்துரு, வண்ணம், தலைப்புப் படம் என்று மாற்றிக்கொண்டே இருப்பது எழுதுகிற மாதிரி ஒரு பிரமையைக் கொடுக்கும். எழுத்து நகர்ந்திருக்காது.

நேரத்தைப் போட வேண்டிய இடம் வேறு. ஐந்து பதிவுகள் முழுதாகத் தயாராகும்வரை தளத்தை யாருக்கும் காட்டாதீர்கள். திறக்கும் நாளில் இரண்டை மட்டும் வெளியிடுங்கள். மீதி மூன்றும் கையிருப்பு. இரண்டு தளங்களிலுமே தேதியும் நேரமும் குறித்து வைத்தால் பதிவு தானாக வெளியாகிவிடும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, வேலையில் நெருக்கடி என்றால் கையிருப்பிலிருந்து ஒன்று போகும். நிலைமை சீரானதும் முதல் வேலை, எடுத்ததைத் திருப்பி வைப்பது. பாக்கி விழுந்த பதிவைத் துரத்திக்கொண்டு ஓடுவதும் முன்கூட்டியே கையில் வைத்திருப்பதும் எழுதும் வேலையாகப் பார்த்தால் ஒன்றுதான். மனநிலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

படிக்கும்போதே பாதி எழுதிவிடுவது

இனி சொல்வதை மட்டுமாவது முயன்று பாருங்கள். ஒரு பதிவுக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது என்றேன். முன்பு ஏழெட்டு மணி நேரம் ஆகும். எழுதுவது ஒன்றும் அத்தனை நேரம் பிடிக்கவில்லை. எங்கோ படித்த அந்த ஒரு வரியைத் தேடிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டியே பாதி நேரம் போனது.

ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் தன்னையே பரிசோதித்துக்கொண்டு மறதியை அளந்தார். மனப்பாடம் செய்ததில் பெரும்பங்கு முதல் நாளிலேயே கரைந்துவிடுகிறது என்று கண்டார். அவர் மனப்பாடம் செய்தவை பொருளற்ற அசைகள், கதை அவ்வளவு வேகமாகக் கரையாது என்பது உண்மை. கதைச்சுருக்கம் மாதக்கணக்கில் நிற்கும். நிற்காமல் போவது, எந்தப் பக்கத்தில் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தோம், எங்கே கொட்டாவி விட்டோம் என்பது. விமர்சனத்துக்கு வேண்டியதும் அதுதான். கதைச்சுருக்கம்தான் பின்னட்டையிலேயே இருக்கிறதே.

அதனால் புத்தக அடையாளமாக ஓர் அட்டையை வையுங்கள், பின்னட்டைக்குள் ஒரு பென்சில். ஏதாவது நெருடினால் பக்க எண்ணும் ஒரு வரியும், அவ்வளவே. அழகாக எழுத வேண்டாம். சமீபத்தில் படித்த ஒரு நாவலுக்கு என் அட்டையில் இருந்தது இது:

ப. 31 – அண்ணன் பேசும்போது மட்டும் வாக்கியம் நீள்கிறது.
ப. 88 – வீட்டை விற்கும் பேச்சு. ஆனால் "விற்பது" என்று யாரும் சொல்லவில்லை. ஜன்னல் அளக்க ஆள் வருகிறார்.
ப. 140 – இங்கே தூங்கிவிட்டேன். இரண்டு முறை. இரவு 11.30.
ப. 212 – கடிதம்! மறுபடி 88ஐப் பார்.

மின்நூல் படிப்பவர்கள் வரியை அழுத்திக் குறிப்பு சேர்த்துவிடலாம். ஒலிநூல் கேட்பவர்கள் அந்த இடத்து நிமிடத்தைக் கைப்பேசியில் பேசிப் பதிந்துவிடலாம்.

இந்த நான்கு வரியிலிருந்து பதிவின் மையப் பத்தி கால் மணி நேரத்தில் வந்துவிட்டது: "இந்தக் குடும்பத்தில் முக்கியமான எதையும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டை விற்கப்போகிறார்கள் என்பதே ஜன்னல் அளக்க வந்தவரால்தான் நமக்குத் தெரிகிறது. சொல்லாமல் விட்டதெல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு கடிதமாக வந்து விழுகிறது."

140ஆம் பக்கக் குறிப்பைக் கவனித்தீர்களா? நேரம் போட்டிருக்கிறேன். முன்பெல்லாம் நேரம் போடாமல் "இங்கே தொய்வு" என்று மட்டும் எழுதுவேன், அதையே விமர்சனத்திலும் சொல்லிவிடுவேன். ஒருமுறை அப்படி எழுதிய பிறகு, ஒரு விடுமுறை நாள் காலையில் அதே அத்தியாயத்தைப் படித்தேன். தொய்வெல்லாம் ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து படித்தவளின் களைப்பு அது. ஆசிரியர் தலையில் கட்டிவிட்டிருந்தேன். அன்றாட வாழ்க்கைக்கு இடையில் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. "போரடிக்கிறது" என்று எழுதும் முன் அந்தப் பகுதியை ஒரு தடவை தெளிந்த தலையோடு பார்த்துவிடுங்கள். இந்த நாவலில் அப்படிப் பார்த்தபோது தொய்வு என்னுடையதுதான் என்று தெரிந்தது, பதிவில் அது இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் முன்னட்டையையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கும். 2007 முதல் 13 இலக்கமாகிவிட்ட ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணும் பெரும்பாலும் அங்கேதான். கெட்டி அட்டைக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு வேறு எண் என்பதால் எந்தப் பதிப்பின் பக்க எண்ணைச் சொல்கிறோம் என்பதில் குழப்பம் வராது. மொழிபெயர்ப்பாளர் பெயரை விட்டுவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. நாம் ரசித்த வாக்கியங்களை எழுதியதே அவர்தான்.

எழுத உட்காரும்போது

எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். ஒரு நாள் 25 நிமிடம், அட்டையைப் பார்த்துக்கொண்டே தலைகால் பார்க்காமல் கொட்டிவிடுவது. பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கிய பொமொதோரோ முறையின் அளவு இது. அவருடைய முறையில் இன்னும் பல விதிகள் உண்டு, எனக்கு அந்த 25 நிமிடம் மட்டுமே பயன்பட்டது. மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்திவிடுவேன். மறுநாள் உட்கார்ந்ததும் அந்த வாக்கியத்தை முடிப்பதிலிருந்து கை தானாக நகரும்.

நீளம்? 500, 600 சொல் தாராளம். நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. நூலகங்களுக்குச் சொன்னது, நமக்கும் பொருந்தும். இந்தப் புத்தகம் தன் நேரத்துக்குத் தகுமா என்று தெரிந்துகொள்ள வந்தவரிடம் மூவாயிரம் சொல்லில் கதையைச் சொல்லிவிட்டால், அவர் அதற்கப்புறம் எதற்காகப் புத்தகத்தைத் தொட வேண்டும்? மேற்கோளும் ஓரிரு வரியோடு நிற்கட்டும்.

எல்லாப் பதிவும் முழு விமர்சனமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சிறுகதையைப் பற்றி எழுதலாம். ஒரு நாவலின் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துப் பேசலாம். பாதியில் வைத்துவிட்ட புத்தகத்தை ஏன் வைத்தீர்கள் என்று சொல்லலாம், அதற்கு விமர்சனத்தைவிடச் சூடான பின்னூட்டம் வரும். பத்து வருடத்துக்கு முன் பிடித்த புத்தகத்தை மறுபடி திறந்து பார்த்த அனுபவம் இன்னொன்று. நெருக்கடியான மாதத்தில் கைகொடுப்பவை இவைதான். ஆனால் "இந்த மாதம் வாங்கியவை" வகைப் பட்டியலை அடிக்கடி போடாதீர்கள். படிப்பதைவிட வாங்குவது சுலபம் என்பதால் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவோம்.

இலவசப் புத்தகம் என்கிற கடன்

ஆறேழு மாதம் ஒழுங்காக எழுதினால், யாராவது விமர்சனத்துக்குப் பிரதி அனுப்பட்டுமா என்று கேட்பார்கள். முதல் முறை கேட்கும்போது தலைகால் புரியாது. எனக்கும் புரியவில்லை. ஐந்து பேருக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். ஒரே மாதத்தில் ஐந்து புத்தகம் வந்து மேசையில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தன. என் கணக்குப்படி அது ஐந்து மாத வேலை. அந்த ஐந்தில் நானாகத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடியது ஒன்றுதான்.

ஆகவே, கையில் ஒன்று இருக்கும்போது இன்னொன்றை ஏற்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் எழுதத் தயங்காதீர்கள், இரண்டு வரி போதும்: "கேட்டதற்கு நன்றி. இப்போது புதிதாக எதையும் ஏற்கும் நிலையில் இல்லை. நேரம் கிடைக்கும்போது நானே வாங்கிப் படிக்கிறேன்." யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஏற்றாலும் "படித்துப் பார்க்கிறேன், எழுதுவேன் என்று உறுதி சொல்ல முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நெட்கேலி போன்ற தளத்தில் வெளிவருவதற்கு முன்பே மின்பிரதி கேட்டு வாங்கலாம். அங்கே கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டுவிடும் ஆசை வரும், பொத்தானை அழுத்துவது அவ்வளவு சுலபம். பெற்ற புத்தகங்களில் எத்தனைக்குக் கருத்து எழுதினீர்கள் என்ற விகிதம் உங்கள் கணக்கில் தெரியும், 80 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அந்தத் தளத்தின் பரிந்துரை. புதிதாகச் சேர்கிறவர் முதல் நாளே பத்து கேட்டு, பத்தும் கிடைத்து, இரண்டுக்கு மட்டும் எழுதினால் விகிதம் 20. ஒன்று கேளுங்கள், எழுதுங்கள், பிறகு அடுத்தது.

இலவசமாக வந்த புத்தகம் என்றால் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009இல் தன் விளம்பர வழிகாட்டுதல்களைத் திருத்தியபோதே வலைப்பதிவர்களையும் அதில் சேர்த்துவிட்டது. பிற நாடுகளிலும் இதுபோன்ற விதிகள் வந்திருக்கின்றன. விதி இல்லாத இடத்திலும் சொல்வதுதான் முறை.

படிக்கிற புத்தகம், எழுதுகிற புத்தகம்

ஒரு நாள் மகள் கதவருகே நின்றுகொண்டு கேட்டாள்.

"அம்மா, இது படிக்கிற புத்தகமா, எழுதற புத்தகமா?"

"ரெண்டும் ஒண்ணுதானேடி?"

"இல்லம்மா. எழுதற புத்தகம்னா கூப்பிட்டா 'இரு, இரு'ன்னுவ. படிக்கிற புத்தகம்னா மூடி வெச்சுட்டு வருவ."

அட்டையும் பென்சிலும் வந்த பிறகு என் வாசிப்பு முழுவதும் வேலையாகிவிட்டது என்பதை அவள் எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தாள். அன்றிலிருந்து மூன்று புத்தகத்தில் ஒன்றுக்கு அட்டையும் கிடையாது, பென்சிலும் கிடையாது. அதைப் பற்றி எங்கும் எழுதுவதில்லை. அப்படிப் படித்ததில் எழுதத் தூண்டும் புத்தகமும் வரும், அப்போதும் எழுதுவதில்லை. விதியைத் தளர்த்தினால் அந்த ஒன்றும் வேலையாகிவிடும்.

வீட்டில் இருப்பவர்களிடம் நேரத்தைப் பேசிவைப்பதும் முக்கியம். "எனக்கு எழுத நேரம் வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் அது புகாராகத்தான் கேட்கும். "புதனும் சனியும் ராத்திரி ஒன்பதிலிருந்து பத்துவரை" என்று சொன்னால் ஏற்பாடாகிவிடும். பதிலுக்கு அந்த நேரம் தாண்டினால் மடிக்கணினியை மூடிவிட வேண்டும், அதில் ஏமாற்றக் கூடாது. பின்னூட்டங்களுக்குப் பதில் சொல்வதும் அந்த ஒரு மணிக்குள்தான். இன்ஸ்டாகிராம், யூடியூப், டிக்டாக் என்று எல்லா இடத்திலும் புத்தகக் கணக்கு தொடங்க வேண்டும் என்று சொல்வார்கள். ஒன்று போதும், அதுவும் பிடித்திருந்தால்.

பழக்கம் ஊன்ற எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில் 66 நாள் என்று வந்தது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை மாறியது. அதில் எனக்குப் பிடித்த முடிவு வேறு: நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. புதன்கிழமை போனால் போகட்டும்.

நின்றுபோனால்

நிற்கும். மூன்று மாதம் ஒரு பக்கம்கூட நகராத காலம் வரும், ரீடர்ஸ் பிளாக் என்று நாம் சொல்வது. படித்ததைக் கணக்கு வைத்துக்கொள்ளும் குட்ரீட்ஸ் தளத்தில் வருடத் தொடக்கத்தில் ஐம்பது புத்தகம் என்று இலக்கு வைத்தவர்களுக்கு அங்கே "இத்தனை புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள்" என்று வேறு காட்டும். அந்த எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம், தளமே அனுமதிக்கிறது. குறைத்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். பாதி படித்த அந்தத் தடித்த நாவலை அலமாரியில் வைத்துவிடுங்கள். எழுத வேண்டியவை என்று குறித்து வைத்த பட்டியல் இருந்தால் அதையும் கிழித்துப்போடுங்கள், நான் இரண்டு முறை கிழித்திருக்கிறேன். நூறு பக்கத்துக்குள் முடிகிற ஒன்றை எடுங்கள், அல்லது முன்பே படித்துப் பிடித்துப்போன ஒன்றை. அட்டையில் இரண்டு குறிப்பு இருந்தாலே முந்நூறு சொல் வரும்.

பதிவின் முதல் வரியில் புத்தகத்தின் பெயர் இருக்கட்டும். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று யாராவது கேட்டால், அதைப் பின்னூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம்.